எல்லாரும் கொஞ்சம் சிரிங்க

சேனாபதி இருந்த குழுவுக்கு வட டெக்சாஸ் பன்னாட்டு மனித உரிமை ஆதரவுக் குழு என்று பெயர். மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் காப்பெல், ரிச்சர்ட்சன் பக்கம் இருந்தார்கள். பொருளாளர் மட்டும் வேலை மாறி டொரான்டோவுக்குப் போய்விட்டார். அவரை விட்டுவிட மனமில்லாததால்தான் பெயரில் 'பன்னாட்டு' வந்து சேர்ந்தது. கூட்டங்கள் தலைவர் கஸ்தூரிரங்கன் அங்கிள் வீட்டு மாடியில், பூல் டேபிளைச் சுற்றி நடக்கும். உலகத்தில் எங்கே அநியாயம் நடந்தாலும் இங்கே ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேறும். அதற்கு நகல் யாருக்கு அனுப்புவது என்று முடிவாவதற்குள் வடை தீர்ந்துவிடும்.

சேனாபதிக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர். அது பகல் வேலை. வாரக் கடைசியில் அவர் தமிழ்ச் சங்கத்தின் சொத்து. பொங்கல் விழாவுக்கு மைக் பிடிப்பது, தீபாவளிக்கு ஃப்ளையர் அடிப்பது, பட்டிமன்றத்தில் யாரும் சிரிக்காத இடத்தில் முதலில் சிரித்துக் கூட்டத்தை ஆரம்பித்து வைப்பது எல்லாம் அவர்தான். எந்த நிகழ்ச்சியும் அவர் குரலில் "எல்லாரும் கொஞ்சம் சிரிங்க!" என்று வந்து ஒரு படம் எடுத்தால்தான் முடிந்ததாக அர்த்தம். ஒருமுறை இரங்கல் கூட்டத்தின் முடிவிலும் அப்படிச் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். படம் நன்றாகத்தான் வந்தது.

இப்படிப்பட்டவர் கையில்தான் தவமலரம்மாவை ஒப்படைத்தார்கள்.

தவமலரம்மா இலங்கையில் முல்லைத்தீவுப் பக்கம் இருந்தார். போரின் கடைசி நாட்களில் மூத்த மகன் ஜெயரூபனைத் தன் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்தவர். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். பையன் பஸ்ஸில் ஏறினான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், பஸ் போனது. அவ்வளவுதான். அப்படி ஒருவர் ஏறவே இல்லை என்பதுதான் அதற்குப் பிறகு எல்லா அலுவலகத்திலும் அவருக்குக் கிடைத்த பதில். அன்றைக்கு அந்த இடத்தில் பிள்ளையைக் கொடுத்த மற்ற பெற்றோரில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் நாட்டை விட்டுப் போனார்கள், மிச்சப் பேர் வாய் திறக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல மீதி இருந்தது இந்த ஒருவர்தான்.

பல நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள் சேர்ந்து காணாமல் போனவர்களைப் பற்றி இணையவழியில் ஒரு விசாரணை நடத்தப்போகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் ஷ்ரேயா. கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் வளர்ந்த பெண், வக்கீல். சாட்சிகளைத் தயார் செய்யும் பொறுப்பு அவளுடையது. அந்த அம்மா பேசினால் ஜெயரூபனும் அவனோடு பஸ் ஏறியவர்களும் இந்த வருட அறிக்கையில் இடம்பெறுவார்கள். அறிக்கை ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா.வுக்குப் போகும். பேசாவிட்டால் போகாது. அடுத்த விசாரணை எப்போது, நடக்குமா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

ஷ்ரேயாவுக்குத் தமிழ் புரியும். ஆனால் அவளுக்குப் புரிந்தது அம்மா அப்பா பேசும் சென்னைத் தமிழ். தவமலரம்மாவின் வன்னித் தமிழ் கேட்டதும் திணறிப்போனாள். "அங்கிள், ஷீ இஸ் ஸோ ஃபாஸ்ட். நீங்க ஹெல்ப் பண்ண முடியுமா?" என்று சேனாபதியைக் கேட்டாள். இப்படித்தான் சேனாபதி தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

சனிக்கிழமை காலைகளில் அவர் பேசுவார். அங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும். கோபித் தமிழும் வன்னித் தமிழும் முதல் வாரம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டாம் வாரத்திலிருந்து நன்றாகப் பழகிவிட்டன.

"அம்மா, அந்த பஸ் என்ன கலருன்னு கேப்பாங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"என்ன தம்பி இப்பிடிக் கேக்கிறியள்? எனக்கு என்ர கலியாணச் சீலையின்ர நிறம் மறந்துபோச்சு. அந்த பஸ்ஸின்ர நிறம் மறக்கேல்லை."

அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். பெயரும் முகமும் வெளியே வரக்கூடாது. தனக்காக அல்ல. இளையவன் துசாந்தன் அங்கே ஆட்டோ ஓட்டுகிறான். "மூத்தவனுக்காகக் கதைக்கப் போய் இளையவனையும் குடுத்திட்டு நிக்கேலாது தம்பி. உங்களை நம்பித்தான் வாறன்."

"என்னை நம்புங்கம்மா. என் பொண்டாட்டி நம்பறதில்லீங், நீங்களாச்சும் நம்புங்க."

அவர் சிரித்தார். சேனாபதிக்கு அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்குப் போதும். அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை அது. சாரதாவிடம் மட்டும் சொன்னார். சாரதா துணி மடித்துக்கொண்டே, "அந்தம்மாகிட்டயாவது பொறுப்பா நடந்துக்குங்க" என்றாள்.

விசாரணைக்கு முன்னால் வீடியோ அழைப்பில் ஓர் ஒத்திகை வைத்தார்கள். ஷ்ரேயா இருந்தாள், குழுவும் இருந்தது. திரையில் அந்த அம்மாவின் கட்டம் மட்டும் கறுப்பாக, பெயரில்லாமல் இருந்தது. அவர் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். எட்டு வயதில் ஜெயரூபனுக்கு மாட்டைக் கண்டால் பயம் என்றார். அவனைக் கொடுத்த அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை என்றார். கஸ்தூரிரங்கன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். ஷ்ரேயா, "ஷீ இஸ் ரெடி" என்றாள். அடுத்த சாட்சியோடு அவளுக்கு வேறு அழைப்பு இருந்தது, போய்விட்டாள்.

போன பிறகு அந்த அம்மா கேட்டார். "உங்கள் எல்லாற்ற முகத்தையும் நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. ஒருக்கா கமராவைப் போடட்டோ?"

போட்டார். ஒல்லியான, நரைத்த, பல் ஒன்று இல்லாத ஒரு முகம். பின்னால் ஒரு தகரக் கதவு. எல்லாரும் "வணக்கம்மா, வணக்கம்மா" என்றார்கள். டொரான்டோ பொருளாளர் எழுந்து நின்றேவிட்டார். கஸ்தூரிரங்கன் அங்கிள், "நேர்ல வந்தா உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தணும்மா" என்றார். அந்த அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், பல வருடப் பழக்கத்தில், மூளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேனாபதியின் வாய் சொன்னது:

"சரிங்க, எல்லாரும் கொஞ்சம் சிரிங்க!"

கை ஸ்கிரீன்ஷாட்டை அழுத்தியது. திரையில் இருந்த எட்டு முகங்களும் சிரித்தன. தவமலரம்மாவும் சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தார்.

அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் செய்வதைத்தான் செய்தது. படத்தை எடுத்தது, "முல்லைத்தீவிலிருந்து நம் தவமலரம்மாவுடன் ஒரு நெகிழ்ச்சியான காலை" என்று எழுதியது, குழுவின் வாட்ஸாப்பையும் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸாப்பையும் வரிசையாகத் தொட்டது, அனுப்பியது. சங்கத்தின் வாட்ஸாப்பில் நானூறு குடும்பம். பிறகு சேனாபதி கீழே போய் இரண்டாவது முறை காப்பி குடித்தார்.

அன்று மத்தியானம் காஸ்ட்கோவில் பால் எடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு சாரதா போனைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், படத்தில் புருஷன் கண்ணை மூடியிருந்ததற்காக. பிறகு சிரிப்பு நின்றது.

"ஏனுங், இந்தம்மா மொகத்தைக் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சேனாபதி தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் பால்யத்தில் ஒருமுறை கிணற்றுக்குள் விழுந்திருக்கிறார். தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கும். அந்த மாதிரி இருந்தது.

அழித்தார். அழிப்பதற்குள் அறுபது கைகூப்பு, நாற்பது கண்ணீர், ஐந்தாறு நெருப்பு எமோஜிகள் வந்திருந்தன. அங்கேயே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் உடனே அழித்தார்கள். சிலர் அழிப்பதற்கு முன்னாலேயே ஹியூஸ்டனுக்கும் நியூ ஜெர்சிக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் ஃபேஸ்புக்கில் 'வீரத்தாய்' என்று தலைப்புப் போட்டு ஏற்றியிருந்தார். சங்கத்தின் செயலாளர் கந்தசாமி விஷயத்தின் தீவிரத்தைச் சட்டென்று புரிந்துகொண்டார். அமெரிக்காவில் இருக்கிற எல்லாத் தமிழ்ச் சங்க வாட்ஸாப்புகளுக்கும் அவசரச் செய்தி அனுப்பினார்: "அன்பர்களே, ஒரு தாயின் பாதுகாப்பு கருதி, கீழ்க்காணும் படத்தை யாரும் பகிர வேண்டாம்." கீழே அந்தப் படம்.

"ஏனுங் கந்தசாமிண்ணா, படத்தையே போட்டிருக்கீங்களே!"

"எந்தப் படம்னு தெரியோணுமில்ல சேனாபதி?"

சேனாபதிக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. அதற்காகத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போட்டிருந்தது காஸ்ட்கோவிலேயே வாங்கிய ரப்பர் செருப்பு, அடித்தாலும் வலிக்காது.

தவமலரம்மாவிடம் அன்றே சொன்னார். தட்டுத் தடுமாறிச் சொன்னார்.  அவர், "தெரியாமத்தானே செய்தனியள்" என்றார். திட்டியிருந்தால் சேனாபதி தூங்கியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாலேயே அழைப்பு வந்தது. சேனாபதி அலுவலக பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து எடுத்தார்.

"ரெண்டு பேர் வந்தவை தம்பி. சாதாரண உடுப்பு. நல்ல மரியாதையாத்தான் கதைச்சவை. அம்மா எண்டுதான் கூப்பிட்டவை. தேத்தண்ணி குடுத்தன், குடிச்சவை. போனில அந்தப் படத்தைக் காட்டி, 'நல்லாச் சிரிக்கிறியள் அம்மா, ஆர் இந்தாக்கள்?' எண்டு கேட்டவை."

"நீங்க என்னங்கம்மா சொன்னீங்க?"

"தெரிஞ்ச பிள்ளையள் எண்டு சொன்னன். வேற என்ன சொல்ல? துசாந்தனை ஒருக்கா வந்திட்டுப் போகச் சொன்னவை. அவன் போனவன். பின்னேரம் வந்திட்டான்."

"அடிச்சாங்களா?"

"அவன் ஒண்டும் சொல்லுறானில்லை. ஆட்டோ எடுக்கிறானில்லை. சாப்பாட்டைப் போட்டா சாப்பிடுறான். என்ர முகத்தைப் பாக்கிறானில்லை."

சேனாபதி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார். ஹாரன் அடித்துவிட்டது. பக்கத்துக் காரில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்து என்ன என்று கையைக் காட்டினான். சேனாபதி பழக்கதோஷத்தில் சிரித்து வைத்தார்.

குழு அவசரமாகக் கூடியது. அன்றைக்கு வடை இல்லை. ஷ்ரேயா திரையில் இருந்தாள். அவள் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. முகத்தில் கோபத்தை விட அலுப்புதான் அதிகம் இருந்தது. இப்படி நடப்பது அவளுக்கு முதல் தடவை இல்லை போலிருந்தது.

கஸ்தூரிரங்கன் அங்கிள்தான் ஆரம்பித்தார். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்கோ. முகம் வெளில வந்தாச்சு. இனிமே மறைக்கறதுக்கு என்னப்பா இருக்கு? பேசிட்டா பல நாட்டு ஜட்ஜ் பார்த்துண்டிருப்பா. நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒண்ணுன்னா நாலு பேர் கேப்பா. பேசாம விட்டா யாருக்குத் தெரியப் போறது?"

"இல்ல அங்கிள், பேசினா அந்தப் பையனைத் தூக்கிருவாங்க" என்றார் சேனாபதி.

"பேசலைன்னா தூக்க மாட்டான்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஷ்ரேயாவைப் பார்த்தார்கள்.

"போத் ஆர் பாசிபிள்" என்றாள். "சில கேஸ்ல பேசினது ப்ரொடெக்ட் பண்ணிருக்கு. சிலதுல... இல்ல. ஐ டோன்ட் நோ. நோபடி நோஸ். இட் ஹேஸ் டு பி ஹர் சாய்ஸ். அங்கிள், நீங்க கால் பண்ணி கேளுங்க. ஜஸ்ட் ஆஸ்க். அட்வைஸ் பண்ணாதீங்க. ப்ளீஸ்."

"கேட்கிறதோட சரிம்மா" என்றார் சேனாபதி.

சனிக்கிழமை காலை. வீட்டுப் பின்புறம் வேலியோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார். உள்ளே சாரதா மகள் வெண்பாவை நீச்சலுக்குக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் யந்திரம் ஓடிற்று, நின்றது, ஓடிற்று.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன, ஷ்ரேயா என்ன சொன்னாள், கஸ்தூரிரங்கன் அங்கிள் என்ன சொன்னார், ஒன்றையும் விடவில்லை. நல்ல டெஸ்டர் அறிக்கை எழுதுவது மாதிரி இருந்தது. தவமலரம்மா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

"நீங்கள் என்ன சொல்லுறியள் தம்பி?"

"நான் சொல்லக் கூடாதுங்கம்மா. நீங்கதான் முடிவு பண்ணோணும்."

"எல்லாரும் என்னைத்தான் முடிவு பண்ணச் சொல்லுறியள். அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னவை. உங்கட விருப்பம் அம்மா, குடுக்கிறதெண்டா குடுங்கோ எண்டு. நான் முடிவு பண்ணித்தான் பிள்ளையைக் குடுத்தனான்." அந்தப் பக்கம் தகரக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "எனக்கு இன்னொருக்கா தனிய முடிவு பண்ணேலாது தம்பி. இவ்வளவு நாளும் என்னோட கதைச்சனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. கதைக்கவோ, விடவோ?"

புல் வெட்டும் யந்திரம் நின்றிருந்தது. சேனாபதிக்கு, துசாந்தன் தட்டைப் பார்த்தபடி சோறு சாப்பிடுவது தெரிந்தது. பார்க்காத முகம்தான், ஆனாலும் தெரிந்தது. ஜெயரூபன் தெரியவில்லை. அவன் உட்கார்ந்த ஜன்னலோடு பஸ் நகர்ந்து போய்விட்டிருந்தது. ஷ்ரேயாவிடம் சொன்ன வார்த்தை ஞாபகத்தில் இருந்தது. நன்றாகவே இருந்தது. இந்த முறை கைப்பழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"வேண்டாங்கம்மா" என்றார். "விட்டுருங்க. இருக்கிற பையனைப் பாத்துக்குங்க. என்னால உங்களுக்கு இன்னொன்னு ஆச்சுன்னா நான்... வேண்டாங்கம்மா."

 இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"சரி தம்பி" என்றார் தவமலரம்மா.

"கோவமுங்களா?"

"கோவமில்லை." அப்புறம், சாதாரணமாக, கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வது போலச் சொன்னார்: "துசாந்தன் நேற்றுத்தான் வாய் திறந்தவன். 'நீங்கள் கதையுங்கோ அம்மா, அண்ணாவுக்காக நான் வேற என்ன செய்தனான்' எண்டு சொன்னவன். நான் ஓமெண்டு சொல்லுறதுக்குப் பயந்துகொண்டு நிண்டனான். நீங்களாவது கதையுங்கோ எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சனான்."

சேனாபதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அம்மா, அப்படீன்னா பேசலாமுங்க. பேசுங்க. நான் சும்மா பயத்துல சொன்னதுங்க அது. இப்பவே ஷ்ரேயாகிட்ட..."

"இல்லைத் தம்பி. நீங்கள் முதல் சொன்னதுதான் மனசில இருந்து வந்தது. உங்களுக்கே அவ்வளவு பயமெண்டா, அங்க அவ்வளவு தூரத்தில இருக்கிற உங்களுக்கே... அப்ப சரிதான். விடுவம்." அவர் குரலில் ஒன்றும் இல்லை. அழுகைகூட இல்லை. "இனிச் சனிக்கிழமையில எடுக்க வேண்டாம் என்ன. அவை போனைப் பாக்கினம். சாப்பிட்டனீங்களோ?"

"சாப்பிட்டேனுங்கம்மா" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

"சரி. வைக்கிறன்."

வெண்பா கண்ணாடிக் கதவைத் திறந்து, "அப்பா, வீ ஆர் லேட்!" என்றாள். அவர் காரை எடுத்தார். நீச்சல் குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு மகள் போவதையும் வருவதையும் பார்த்தார். சாரதா என்ன ஆச்சு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் தான் சொன்ன "வேண்டாங்கம்மா"வை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாரதா, நீங்கள் நல்லதைத்தானே சொன்னீர்கள் என்பாள். அதைக் கேட்கத் தெம்பில்லை.

மறுநாள் விசாரணை. குழு பூல் டேபிளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. தொடங்குவதற்கு முன்னால் ஷ்ரேயா கூப்பிட்டாள். சேனாபதி ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், அவங்க டிசைட் பண்ணிட்டாங்களா?"

"பேசலைன்னுட்டாங்கம்மா."

"அவங்களே சொன்னாங்களா? யூ டிட்ன்ட் புஷ் ஹர் எய்தர் வே?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சங்கத்து மேடைகளில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் எதையாவது சொல்லி நிரப்பிவிடுகிற மனிதர். இந்த மௌனம் நீண்டது.

"இல்லம்மா. கேட்டேன். அவங்களேதான் சொன்னாங்க."

"ஓகே." அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "தட்ஸ் ஹர் ரைட். நான் விட்னஸ் வித்ட்ரூன்னு போட்டுக்கறேன்." வைத்துவிட்டாள்.

விசாரணை ஆரம்பமானது. வெள்ளைத் தலைமுடி நீதிபதி ஒருவர், ஒரு சாட்சி விலகிக்கொண்டதால் அந்தப் பகுதி இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று ஆங்கிலத்தில் படித்தார். தண்ணீர் குடித்தார். அடுத்த சாட்சியை அழைத்தார்கள். அது வேறு மாவட்டம், வேறு தாய்.

கஸ்தூரிரங்கன் அங்கிள் நாற்காலியில் சாய்ந்தார். இரக்கமான குரலில்தான் சொன்னார்.

"பாவம்ப்பா. கடைசி நேரத்துல பயந்துட்டா அந்தம்மா. அவ்வளவு தூரம் வந்துட்டு. நாம என்ன பண்ண முடியும்?"

டொரான்டோ பொருளாளர் திரையில் தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். யாரோ தட்டை நகர்த்தினார்கள், அன்றைக்கு வடை இருந்தது. சேனாபதிக்குப் பக்கத்தில் வந்தபோது அவரும் ஒன்றை எடுத்தார்.

"ஆமாங்க அங்கிள்" என்றார். "பயந்துட்டாங்க."